பேர வாவியின் தட்டையடி மரப்படகுகள் ஏன் மறைந்தன?

வாவிக்கரையான்:

வணக்கம். கொழும்பின் பேர வாவியையும் அதனோடு தொடுத்த கால்வாய்களையும் காட்டும் பழைய நிழற்படங்களில், கிடுகுக் கூரை வேய்ந்த, அடி தட்டையான நீண்ட மரப்படகுகளைக் காணலாம். சிங்களத்தில் பாருவ என வழங்கும் இப்படகுகளில் ஒன்றுகூட இன்று அவ்வாவியில் இல்லை. கங்காராமை விகாரைப் பக்கத்தில் மிதப்பவை அன்னத்தின் உருவில் வார்த்தெடுத்த கண்ணாடியிழை மிதிபடகுகளே. ஆனால் ஸ்ரீநகரின் தால் ஏரியில் சிகாரா இன்றும் ஓடுகிறது. ஆலப்புழையில் கெட்டுவள்ளம் ஓடுகிறது. பர்மாவின் இன்லே ஏரி மீனவர்கள் ஒற்றைக் காலால் துடுப்பை அணைத்து வலித்தபடி தட்டையடிப் படகுகளில் இன்றும் தொழிலுக்குப் போகிறார்கள். இவை யாவும் ஆழமற்ற நீருக்கென்றே அமைந்த, நடுவே ஏராக்கட்டை (அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டை) இல்லாத படகுகள்.

ஒரே வகையான படகு ஓரிடத்தில் நிலைத்து மற்றோரிடத்தில் அடியோடு மறைந்ததற்குக் காரணம் என்ன என்பதே என் கேள்வி. காலம் மாறிவிட்டது என்ற ஒற்றை வரியை மறுமொழியாகத் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காலம் ஸ்ரீநகரிலும் மாறித்தான் இருக்கிறது. படகின் அமைப்பிலேயே குறை இருந்ததா, மரம் கிடைக்காமற் போனதா, தச்சர்கள் இல்லாமற் போனார்களா, அல்லது நீர்வழியே அறுந்துபோனதா என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றாயிருக்கும்.


பாலத்துறையான்:

ஐயா, இப்படகுகள் எந்த வேலைக்காக இருந்தன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், அவை ஏன் போயின என்பதிற் பாதி தானே விளங்கிவிடும். பேர வாவி இயற்கை ஏரியன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தமது கொழும்புக் கோட்டையைச் சீதாவக்கை அரசரிடமிருந்து காப்பதற்காக நீரைத் தேக்கி ஆக்கிய அரண் அது. 1587இல் கோட்டையை முற்றுகையிட்ட முதலாம் இராஜசிங்கன், வாய்க்கால் வெட்டி அந்த நீரை வடியவிட முயன்ற வரலாறும் உண்டு. அரணாகத் தொடங்கிய அந்த நீர்ப்பரப்பைப் பிரித்தானியர் சரக்கு வழியாக மாற்றினார்கள். கொம்பனித்தெருப் பக்கத்துப் பண்டகசாலைகளிலிருந்து தேயிலையும் பிற ஏற்றுமதிப் பொருள்களும் படகில் ஏறி, வாவி வழியாகவே துறைமுகத்துக்குச் சென்றன. வாவியின் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்தது என்பதால், இடையில் இரட்டைக் கதவு கொண்ட நீர்ப்பூட்டுகளை அமைத்துப் படகை மெல்ல இறக்கவும் ஏற்றவும் வேண்டியிருந்தது.

ஆயினும் பேர வாவியை மட்டும் தனியே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. அது நீண்டதொரு நீர்வழி வலையின் ஒரு முனை மாத்திரமே. கறுவா, பாக்கு, மிளகு முதலியவற்றைக் கொண்டுவருவதற்காகக் கோட்டை இராச்சிய காலத்திலேயே கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் கால்வாய்கள் வெட்டப்பட்டன என்பர். ஒல்லாந்தர் அவ்வழியை நீர்கொழும்பு, சிலாபம் ஊடாகப் புத்தளம் வரை கொண்டுசென்றார்கள். பிரித்தானியர் முத்துராஜவெல சதுப்பின் ஓரமாக 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் நீளமானது. உட்பகுதியிலோ, களனி கங்கையில் ருவன்வெல்லை வரையும் களு கங்கையில் இரத்தினபுரி வரையும் பாருவ ஏறி இறங்கியது. புத்தளத்து உப்பும் கொப்பராவும் ஒரு திசையிலிருந்தும், மலையடிவாரத்துக் கோப்பியும் காரீயமும் (பென்சிற்கரி) மற்றொரு திசையிலிருந்தும் வந்து சேர்ந்த இடம்தான் கொழும்பு.

எங்கள் பாலத்துறையைப் பற்றி ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1822 முதல், விக்டோரியா பாலம் 1895இல் திறக்கப்படும் வரை, களனி கங்கையைக் கடக்க அங்கிருந்தது படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு மேலே பலகை பரப்பிய மிதவைப் பாலமே. குறித்த நேரங்களில் நடுவிலிருந்த படகுகளை விலக்கி, ஆற்றில் வரும் சரக்குப் படகுகளுக்கு வழிவிட்டார்கள். படகு வழிவிட்டுப் படகு போன ஊர் அது.


நீர்மட்டம்:

படகின் அமைப்பில் குறை இருந்ததா என்ற கேள்விக்கு மாத்திரம் நான் மறுமொழி எழுதுகிறேன். நான் கப்பற் பொறியியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்தருள வேண்டும்.

10 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் உள்ள, அடி முழுவதும் தட்டையான ஒரு படகை நன்னீரில் விட்டால், அது ஒவ்வொரு சென்ரிமீற்றர் அமிழும்போதும் 200 கிலோகிராம் சுமையைத் தாங்கும். அதாவது ஒரு தொன் சரக்கை ஏற்றினால் 5 சென்ரிமீற்றர்தான் மேலும் இறங்கும். முனைகள் ஒடுங்கியிருப்பதால் உண்மையான படகில் இது சற்றுக் குறையும். அதே சுமையைக் கூர்த்த அடியுள்ள கடற்படகில் ஏற்றினால், நீரில் இறங்கும் ஆழம் பன்மடங்காகும். முழங்காலளவு நீரில், மணற்றிட்டுகளுக்கு மேலாகச் சரக்கைக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு வேறு வடிவம் எதுவும் உதவியிருக்காது.

அடுத்தது நிலைத்தன்மை. படகு சாய்வதைத் தடுப்பதில் நீளத்தைவிட அகலத்துக்கே பங்கு அதிகம். நீர்க்கோட்டுப் பரப்பின் (நீர்மட்டத்தில் படகு பிடிக்கும் பரப்பின்) தடுப்பாற்றல் அகலத்தின் மும்மடியாகக் கூடுகிறது. நீளமும் மொத்தப் பாரமும் மாறாதிருக்க அகலத்தை மட்டும் இரட்டித்தால், தொடக்கச் சாய்வை எதிர்க்கும் அளவு எட்டு மடங்காகிறது. ஆகவேதான் ஒருவர் படகின் விளிம்பு நெடுக நடந்தபடி கோலூன்றித் தள்ள முடிகிறது. கூரிய அடியுள்ள சிறுபடகில் அவ்வாறு நடந்தால் நடப்பவரும் சரக்கும் ஒன்றாகத் தண்ணீரில் இருப்பார்கள்.

குறைகளும் உண்டு. ஏராக்கட்டை இல்லாத படகைக் காற்றுப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். அலை எழுந்தால் தட்டையான அடி நீரில் ஓங்கி அறைபடும். அந்த அறைச்சல் பலகைப் பொருத்துகளைத் தளர்த்திவிடும். ஆனால் நீண்ட தூரம் தடையின்றிக் காற்று வீசினால்தான் பெரிய அலை எழும். ஒடுங்கிய கால்வாயிலும் கரைகள் சூழ்ந்த வாவியிலும் அதற்கு இடமில்லை. வேகம் குறைவு என்பதையும் குறையாகச் சொல்ல முடியாது. கோலூன்றிப் போகும் வேகத்தில் படகின் முன்முகம் எழுப்பும் அலையால் உண்டாகும் தடை மிகச் சிறிது. அடியில் உராயும் நீரே பெரும்பாலான தடையைத் தருகிறது. ஆக, அந்த நீருக்கும் அந்த வேலைக்கும் இதைவிடப் பொருத்தமான வடிவத்தை இன்று கணினியில் வரைந்தாலும் பெரிதாக மாற்ற மாட்டோம். மறைவுக்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.


வெள்ளவத்தை வாசகி:

நீர்மட்டம் அண்ணாவின் விளக்கத்தைப் படித்தபின் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. அடி தட்டை, பக்கம் நேர் என்றால் அது கிட்டத்தட்ட ஒரு பெட்டிதானே? பெட்டி செய்யத் தெரிந்த எந்தத் தச்சரும் இதைச் செய்துவிடலாம் அல்லவா? அப்படியாயின், படகுத் தச்சர் மறைந்தமையால் படகும் மறைந்தது என்ற வாதத்துக்கு இடமே இல்லாமற் போகிறது. எந்த மரத்தில், எந்த முறையில் இவற்றைக் கட்டினார்கள் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றி.


மொறட்டுவைத் தச்சன்:

சகோதரி, பெட்டிக்கும் படகுக்கும் உள்ள வேறுபாடு மூலையில் இருக்கிறது. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் அந்த நீண்ட விளிம்பில்தான் முழுப் பாரமும் வந்து நிற்கும். மணலில் இழுபடுவதும் கரையில் மோதுவதும் அதுவே. பெட்டியைப் போல அங்கே இரண்டு பலகைகளை முட்டவைத்து ஆணியடித்தால், பொருத்து வெகு விரைவில் வாய்பிளக்கும். இதற்கு நம் நாட்டுத் தச்சர் கண்ட வழியைக் கரைவலைத் தொழிலுக்கு ஓடிய மாதெல் பாருவயில் இன்றும் படித்தறியலாம். அவர்கள் மூலைக்குப் பலகையையே வைக்கவில்லை. ஒரு முழு மரத்தைக் குடைந்து, அடியிலிருந்து பக்கத்துக்கு வளைந்தேறும் ஒரே துண்டாகச் செதுக்கி இருபுறமும் வைத்தார்கள். இடையில் அடிப்பலகைகளைப் பரப்பி, மேலே பக்கப்பலகைகளை உயர்த்தி, எல்லாவற்றையும் தும்புக் கயிற்றால் தைத்தார்கள். அடி தட்டையான படகு, மூலையில் மட்டும் குடைந்த தோணியின் இயல்பைப் பெறுகிறது. இதைச் செய்யத் தளபாடத் தச்சரால் முடியாது. மரம் நிற்கும்போதே அதன் வளைவைப் பார்த்து, எந்தப் பக்கம் படகுக்கு வரும் என்று தீர்மானிப்பவருக்கே முடியும்.

தைப்பதா ஆணியடிப்பதா என்பதும் விருப்பத்தைப் பொறுத்த செய்தி அன்று. கேரளத்துக் கெட்டுவள்ளத்தில் அயினிப் பலகைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடைவெளியில் தும்பை அடைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெயிலிருந்து ஆக்கிய கறுத்த பூச்சைத் தடவுவார்கள். கயிற்றுப் பொருத்துக்கு நெகிழ்வு உண்டு; தரையில் முட்டினாலும் பலகை பிளக்காமல் சற்று அசைந்து கொடுக்கும். இரும்பாணிக்கு அந்தக் குணம் இல்லை. அதோடு, துவர்ப்பு மிகுந்த மரத்தில் இரும்பை அடித்தால் ஆணியும் துருப்பிடிக்கும், சுற்றியுள்ள மரமும் கறுத்துச் சோரும். செப்பாணி அந்தக் கேட்டைச் செய்யாது என்றாலும் விலை அதிகம். மறுபக்கம், கயிற்றைக் குறித்த காலத்தில் அவிழ்த்துப் புதிதாகத் தைத்தாக வேண்டும். ஆணியடித்த படகுக்கு அந்தச் செலவு இல்லை என்பதே பலர் ஆணிக்கு மாறியதற்குக் காரணம்.

மரத்தைப் பொறுத்தவரை பலா, புன்னை, தேக்கு, சாவண்டலை ஆகியவை நம்மிடம் பெயர் பெற்றவை. திருகோணமலைக் காடுகளிலிருந்து போன சாவண்டலை மரம் ஒரு காலத்தில் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. பலகை இடுக்குகளைக் கலப்பத்து அடிப்பதற்கு, அதாவது நீர் புகாமல் அடைப்பதற்கு, தும்பும் குங்கிலியமும் எண்ணெயும் வேண்டும். இவை எல்லாம் இன்றும் கிடைப்பவையே. கிடைக்காதது மூலைக்கு வேண்டிய பெருமரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு நன்னீரில் வாழாது. ஆகவே வாவிப் படகுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் நன்னீரில் வேறொரு பகை இருக்கிறது. உப்பு நீர் ஓரளவுக்கு மரத்தை உளுத்துப்போகாமற் காக்கும், மழைநீர் காக்காது. படகுக்கு வெளியே நிற்கும் வாவி நீரைவிட, உள்ளே தேங்கும் மழைநீரே வங்குகளின் (படகின் விலாச் சட்டங்களின்) அடியை முதலில் தின்னும். கிடுகுக் கூரை சரக்கை நனையாமற் காத்தது என்று மட்டும் பலர் எண்ணுகிறார்கள். அது படகையும் காத்தது.


மட்டுநகரான்:

இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஆனால் தலைப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. கொழும்பில் மறைந்துவிட்டது என்பதால் இலங்கையிலேயே மறைந்துவிட்டது என்ற தொனி இங்கே ஓடுகிறது. நான் கொழும்பில் வேலை பார்ப்பவன் ஆயினும் ஊர் எழுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை. மட்டக்களப்பு வாவியைக் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் கடந்தவர்கள் பாதை என்றால் என்னவென்று அறிவார்கள். மனிதர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்மூடை எல்லாவற்றையும் ஒரே தளத்தில் ஏற்றிக்கொண்டு அக்கரை சேரும் அந்த மிதவை, தட்டையடிப் படகின் நேர் வாரிசு அல்லாமல் வேறென்ன? முன்பு மரம், இன்று இரும்பு. முன்பு கோல், இன்று இயந்திரம். வடிவமும் வேலையும் அப்படியே இருக்கின்றன.

பாக்கு நீரிணையின் அக்கரையில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பகுதியிலும் வத்தை என்ற தட்டையடி மீன்பிடிப் படகு ஓடியது. பாய் விரித்தால் சாய்ந்துவிடாதபடி குறுக்கே ஒரு நீண்ட பலகையை நீட்டி, அதன் முனையில் ஆட்கள் ஏறி நின்று சமன்செய்வார்கள். ஆழமற்ற கடலுக்கும் இந்த வடிவம் பொருந்தியது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே மரம் மறைந்ததா, வடிவம் மறைந்ததா, நீர்வழியிற் பயணம் செய்யும் வழக்கம் மறைந்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முதலாவது மட்டுமே மறைந்தது.


நீர்மட்டம்:

மட்டுநகரான் அண்ணா சொல்வது சரியான பிரிப்பு. ஆனால் பாதைகளைப் பற்றிப் பேசும்போது, நான் மேலே எழுதிய நிலைத்தன்மைக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. தட்டையடி மிதவை தொடக்கத்தில் அசையாமல் நிற்பதால் அதில் ஏறுபவர்களுக்குத் துணிவு அதிகமாகிறது. உண்மையில் அதன் பாதுகாப்பு ஓர் எல்லைவரைதான். ஒரு பக்க விளிம்பு நீருக்குள் அமிழ்ந்தவுடன், தாங்கும் அகலம் திடீரெனக் குறைந்து, எச்சரிக்கை எதுவுமின்றி மிதவை கவிழ்கிறது. நீர் நிறைந்த தாம்பாளத்தை ஏந்துபவருக்கு இந்த இயல்பு தெரியும். சற்றுச் சரிந்ததும் உள்ளிருப்பதெல்லாம் சரிந்த பக்கத்துக்கே ஓடும். பயணிகளும் பயத்தில் அப்படித்தான் ஓடுவார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை நாம் மறக்கவில்லை. பழைய சரக்குப் படகில் சுமை அடியிலேயே, நகராமல் கிடந்தது. நின்றுகொண்டிருக்கும் மனிதர் அப்படிப்பட்ட சுமை அல்லர். மீண்டும் மரப்படகு வேண்டும் என்று பேசுபவர்கள் இருக்கையைத் தாழ்வாகவும் நடுவிலும் வைப்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.


பாலத்துறையான்:

மறைவுக்கான காரணத்துக்கு மீண்டும் வருகிறேன். புகையிரதப் பாதைகள் திறந்த ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு, 1867இல் கண்டிக்கு. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1902இல் அவிசாவளையை அடைந்து, 1912இல் இரத்தினபுரிக்குப் போனது. வடமேற்கில் 1909இல் நீர்கொழும்பு, 1916இல் சிலாபம், 1926இல் புத்தளம். இவற்றை நான் முன்பு எழுதிய படகு வழிகளோடு ஒப்பிட்டால், களனி கங்கை, களு கங்கை, புத்தளக் கால்வாய் ஆகிய மூன்று வழிகளுக்கும் போட்டியாக ஒவ்வொன்றாகத் தண்டவாளம் வந்து சேர்ந்ததைக் காணலாம். கண்டிப் பாதை மாட்டுவண்டியின் தொழிலைப் பறித்தது. பிந்திய பாதைகள் படகின் தொழிலைப் பறித்தன. புத்தளத்து உப்பும் கொப்பராவும் ஒரே நாளில் கொழும்புக்கு வந்துசேரும் நிலையில், கால்வாயில் நாட்கணக்காகக் கோலூன்றி வருவதற்கு எந்த வணிகர் கூலி கொடுப்பார்?

அதன்பின் நீரே சுருங்கியது. ஒரு காலத்தில் 165 ஹெக்டேயராக இருந்த பேர வாவி இன்று 65 ஹெக்டேயர்தான். மீதியை நிரவிக் கட்டடங்களும் வீதிகளும் எழுந்தன. 1905இல் அழகுச் செடியாகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை சில ஆண்டுகளிலேயே தடைச் சட்டம் இயற்றும் அளவுக்குப் பரவி, 1909இல் அதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1939இல் வந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை மிச்சமிருந்த கால்வாய்களை மூடியது. ஓடும் படகுகள் இருந்தவரை வழி ஓரளவு திறந்திருந்தது. படகு குறையக் களை பெருகியது, களை பெருகப் படகு மேலும் குறைந்தது.

இப்போது கேரளத்தோடு ஒப்பிடுங்கள். எர்ணாகுளத்திலிருந்து ஆலப்புழைக்குப் புகையிரதம் 1989இல்தான் வந்தது. கெட்டுவள்ளத்தின் கடைசிச் சரக்கு வேலைகள் குறைந்துவந்த அதே காலத்தில், 1990களில் அது சுற்றுலா வீட்டுப்படகாக மாறியது. பழைய தொழில் போவதற்கும் புதிய தொழில் வருவதற்கும் இடையில் ஒரு தலைமுறைகூடக் கழியவில்லை. கயிறு கட்டத் தெரிந்தவர்கள் உயிரோடிருந்தார்கள். கொழும்பில் சரக்குத் தொழில் முடிந்தபோது சுற்றுலா என்பதே பெரிதாக இல்லை. சுற்றுலா வந்தபோது படகு கட்டத் தெரிந்தவர் இல்லை. வெள்ளவத்தைச் சகோதரியின் ஐயத்துக்கும் இதுவே என் மறுமொழி: தச்சர் மறைந்தது முதற்காரணம் அன்று, ஆனால் மீண்டும் தொடங்க முடியாமற் போனதற்கு அதுவே காரணம்.


எதிர்க்கேள்வி:

பாலத்துறையான் ஐயாவின் வாதம் அழகாக அமைந்திருக்கிறது. அதனாலேயே அதைச் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேரளத்தில் புகையிரதம் பிந்தி வந்தது உண்மை. ஆனால் சாலையும் லொறியும் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சரக்கைக் கவர்ந்துவிட்டன. வீட்டுப்படகுத் தொழில் தொடங்கியபோது பல கெட்டுவள்ளங்கள் வேலையின்றிக் கரையில் கிடந்தவைதான். ஆகவே இடைவெளி நீங்கள் சொல்லும் அளவுக்குக் குறுகியதன்று.

அடுத்ததாக, மீட்டெடுத்தோம் என்று ஆலப்புழையைக் காட்டிப் பெருமைப்படுவதற்கு முன், அங்கே இயந்திரம் பூட்டி, குளிரூட்டி வைத்து, இரண்டு தட்டு எழுப்பிய படகுகள் வேம்பநாட்டு ஏரி நீரில் எண்ணெயையும் கழிவையும் சேர்ப்பதைப் பற்றிய முறைப்பாடுகளையும் நோக்க வேண்டும். உள்ளே இருப்பது பழைய அடிப்பாகம், மேலே இருப்பது விடுதி. அது பழைய படகு தப்பிப் பிழைத்ததாகுமா?

மூன்றாவதாக, சுமையேற்றிய படகை ஆற்றுக்கு எதிராக ருவன்வெல்லை வரை நெஞ்சால் முட்டித் தள்ளியவர்களின் பிள்ளைகள் அத்தொழிலை விட்டதை இழப்பு என்று நாம் எழுதுகிறோம். அவர்கள் விடுதலை என்று எழுதியிருக்கக்கூடும்.


வெள்ளவத்தை வாசகி:

எதிர்க்கேள்வி அவர்களின் மூன்றாவது கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். முதலாவதற்கு மட்டும் ஒரு திருத்தம். சாலை வந்தபின்னும் குட்டநாட்டின் உட்பகுதியில், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களுக்கு நீரன்றி வேறு வழி இல்லாத இடங்கள் பல இருந்தன. நெல்லும் உரமும் அங்கே வள்ளத்தில்தான் போய்வந்தன. பெரிய கெட்டுவள்ளம் கரையில் கிடந்தாலும் சிறிய வள்ளத்தைச் செப்பனிடும் தச்சருக்கு வேலை இருந்தது.

தால் ஏரியிலும் இதையே காண்கிறேன். வெளிநாட்டவர் காஷ்மீரில் நிலம் வாங்க முடியாதிருந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியருக்காக எழுந்த பெரிய வீட்டுப்படகுகளையே நாம் அறிவோம். ஆனால் தேவதாருப் படகைக் காத்தது சுற்றுலா மட்டுமன்று. ஏரிக்குள்ளேயே மனிதர் வசிக்கிறார்கள். மிதக்கும் தோட்டங்களில் மரக்கறி பயிரிடுகிறார்கள். விடியற்காலையில் படகிலிருந்து படகுக்கே விற்கிறார்கள். அந்த வீட்டுக்காரருக்கு வாசலில் படகு இல்லையென்றால் பிள்ளை பாடசாலைக்குப் போக முடியாது. பேர வாவிக்குள் எவரும் அப்படி வாழவில்லை. கொழும்பில் படகு வணிகரின் ஊர்தியாக மட்டுமே இருந்தது. வணிகர் ஊர்தியை மாற்றியதும் அதைக் காக்க வேறு எவருக்கும் தேவை இருக்கவில்லை.


வாவிக்கரையான்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. இதுவரை படித்ததிலிருந்து எனக்கு விளங்குவது, வடிவத்தில் குறை இல்லை, மரம் அரிதாயிற்று, ஆனால் உண்மையில் அறுந்தது படகுக்கும் அன்றாட வேலைக்கும் இடையிலான தொடர்பு என்பதே. அப்படியாயின், வெறும் காட்சிப் பொருளாக ஒரு பாருவயைச் செய்து கங்காராமைப் பக்கத்தில் கட்டிவைப்பதில் எனக்கும் ஆர்வம் இல்லை.

வேறொரு வேலையைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் ஈரநில நகரங்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது. தலங்கம வாவி, தியவன்னா ஓயா, முத்துராஜவெல, பொல்கொடை என்று நகரைச் சுற்றி ஆழமற்ற நீர்ப்பரப்புகளும் சதுப்புகளும் இருக்கின்றன. அங்கே களையை அகற்றவும் பறவைகளைக் கணக்கெடுக்கவும் நீர் மாதிரி எடுக்கவும் போகின்றவர்களுக்கு, சுழலியில் ஆகாயத்தாமரை சிக்கிக்கொள்ளும் இயந்திரப் படகைவிட, கோலூன்றிப் போகும் தட்டையடிச் சிறுபடகு உதவாதா? பொல்கொடைக் கரையிலேயே மொறட்டுவைத் தச்சர்கள் இருக்கிறார்கள். பெருமரம் இல்லாமல் அப்படியொன்றைச் செய்ய முடியுமா?


மொறட்டுவைத் தச்சன்:

செய்யலாம் ஐயா. ஆனால் அது பாருவயாக இராது. அதன் வேலையைச் செய்யும் சிறுபடகாக இருக்கும். 6 மீற்றர் நீளமும் நடுவில் 1.2 மீற்றர் அகலமும் போதும். இரு முனைகளையும் மெல்ல மேலேற்றி ஒடுக்கினால், ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோகிராம் தாங்கும் என்று நீர்மட்டம் தம்பியின் கணக்கைக் கொண்டு மதிப்பிடுகிறேன். ஈரக் களை பாரமானது. ஆகவே பக்கப்பலகை நீருக்கு மேலே கொஞ்சம் தாராளமாக நிற்க வேண்டும்.

மூலைக்குக் குடைந்த மரத்துக்குப் பதிலாக, உள்ளே ஒரு தடித்த சட்டத்தை நெடுக ஓடவிட்டு, அடியையும் பக்கத்தையும் அதில் தனித்தனியே செப்பாணியால் பிடிக்கலாம். அடிப்பலகையை நீளவாக்கில் வைப்பதா குறுக்காக வைப்பதா என்று கேட்பீர்கள். குறுக்காக வைத்தால் சிறிய பலகைகளே போதும். நனைந்ததும் ஒன்றையொன்று நெருக்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆனால் களைக்கு மேலே வழுக்கிப் போவதற்கு நீளவாக்குப் பலகையே நல்லது. நான் நீளவாக்கையே தேர்வேன். காற்றில் வழுவாமலிருக்கப் அடியின் பின்பக்கத்தில் மட்டும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு சிறு கட்டை வைத்தால் போதும். முழு நீளத்துக்கும் வைத்தால் களை அதில் கோத்துக்கொள்ளும்.

பேர வாவியில் கோலை நம்ப முடியாது. அடியில் படிந்திருக்கும் சேற்றில் கோல் புதைந்து, இழுப்பவரைப் படகிலிருந்து பிடுங்கிவிடும். கோலின் நுனியில் அகன்ற கட்டையொன்றைப் பொருத்த வேண்டும், அல்லது சவள் (துடுப்பு) வலிக்க வேண்டும். தலங்கமவில் வயல் ஓரத்து நிலம் சற்று உறுதியானது என்பதால் முதற்படகை அங்கே ஓட்டிப் பார்க்கலாம்.

கட்டுவதைவிடப் பராமரிப்பைப் பற்றித்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். வெயிலில் கரையேற்றி வைத்தால் ஒரு மாதத்தில் பலகை சுருங்கி இடுக்குத் திறந்துவிடும். வேலை இல்லாத காலத்தில் நிழலில் நீரிலேயே நிறுத்தி, மழைநீரை ஒவ்வொரு நாளும் இறைத்துவிட ஓர் ஆளை ஒழுங்குசெய்துகொள்ளுங்கள். அந்த ஆள் யார் என்று சொன்னால் மரம் பார்க்க நான் வருகிறேன்.